கூடைப்பிடி வாளும் கொல்லன் பெயரும்

வாள் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனக்கண் முன் தோன்றுபவன் மன்னன். அவனுக்கு அடுத்தபடியாகப் போர்வீரன். அவ்வாளை உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, கைக்குத் தக்கவாறு பிடி பொருத்தித் தந்தவனை நினைப்பார் மிகச் சிலரே. அரும்பொருட் காட்சிசாலைகளில் கண்ணாடிப் பேழைகளுக்குள் கிடக்கும் வாள்களின் அருகே வைத்துள்ள சீட்டுகளைப் படித்துப் பாருங்கள். இன்ன அரசருக்கு உரியது, இன்ன போரில் கைப்பற்றியது, இன்ன பிரபு வழங்கியது என்றெல்லாம் எழுதியிருக்கும். இன்ன கொல்லர் செய்தது என்று எழுதியிருப்பது அரிதினும் அரிது.

நாம் வரலாற்றுப் பேராசிரியர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவர். இத்தீவுகளில் தண்டவாளமும் இல்லை, ரயிலும் இல்லை. ஆயினும் கடல் கடந்து தாயகம் செல்வோருக்குப் பயணச் சீட்டு முன்பதிவு செய்து தரும் ரயில்வே அலுவலகம் உண்டு என்பதைச் சாத்தம் அன்பர்கள் அறிவர். இங்கு வருமுன் தாயகத்தில் பார்சல் அலுவலகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினோம். அங்குக் கற்ற பாடம் ஒன்று உண்டு. எந்தச் சிப்பமாயினும் அதன்மேல் பெறுநர் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அனுப்புநர் பெயரும் இருத்தல் வேண்டும். அனுப்புநர் பெயரில்லாச் சிப்பம் வழியில் தவறினால் திரும்பிச் செல்ல இடமின்றிக் கிடங்கின் மூலையில் கிடந்து மக்கிப்போகும். பழைய வாள்களின் கதையும் அத்தகையதே. அதனை ஒரு வெளிநாட்டு வாளையும், நம் தஞ்சை வாளையும் கொண்டு விளக்க முற்படுகின்றோம்.

ஸ்காட்லாந்தின் கூடைப்பிடி வாள்

பிரிட்டனின் வடபகுதியாகிய ஸ்காட்லாந்தில், மலைநாட்டு மக்கள் ஏந்திய அகன்ற வாள் ஒன்று உண்டு. அதன் பிடியைச் சுற்றி இரும்புப் பட்டைகளை வளைத்துக் கூடை முடைந்ததுபோல் ஒரு காப்பு அமைத்திருப்பர். கை முழுவதும் அக்கூடைக்குள் அடங்கிவிடும். எதிரியின் வெட்டு விரல்களில் படாது. உள்ளே கை உராயாதிருக்கத் தோலும் துணியும் வைத்துத் தைப்பர். கூடையின் தகடுகளில் இதய வடிவிலும் வட்ட வடிவிலும் துளைகள் இட்டு அழகு செய்வர். ஆதலின் இதனைக் கூடைப்பிடி வாள் எனத் தமிழில் வழங்குதல் பொருந்தும்.

இவ்வாளைப் பற்றிப் படிக்குந்தோறும் வியப்பளிக்கும் செய்தி ஒன்றுண்டு. ஸ்காட்லாந்து வாள் என்று பெயர் பெற்ற இதன் அலகு பெரும்பாலும் ஸ்காட்லாந்தில் செய்யப்பட்டதன்று. ஜெர்மனி நாட்டின் சோலிங்கன் போன்ற நகரங்களிலிருந்து வெற்று அலகுகள் கப்பலில் வந்து இறங்கின. அவற்றுள் பலவற்றில் ஆண்டிரியா ஃபெராரா என்னும் பெயர் பொறித்திருக்கும். அவர் 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் பெல்லூனோ நகரில் வாழ்ந்த புகழ்மிக்க வாட்கொல்லர். அவர் மறைந்து நெடுங்காலம் சென்ற பின்னரும் ஜெர்மானியக் கொல்லர்கள் அப்பெயரைத் தம் அலகுகளில் பொறித்து விற்றனர். நல்ல சரக்கு என்பதற்கு அப்பெயரே முத்திரையாகிவிட்டது. எழுத்துப் பிழையோடு பொறித்தவையும் ஏராளம்!

அங்ஙனமாயின் ஸ்காட்லாந்துக்காரரின் பங்கு யாது? பிடியே அவர்தம் பங்கு. ஸ்டர்லிங், கிளாஸ்கோ ஆகிய நகரங்களில் இருந்த கம்மியர் அந்நிய அலகை வாங்கித் தம் கையால் கூடை அமைத்துப் பொருத்தினர். அந்நகரங்களில் சம்மட்டி பிடிக்கும் தொழிலாளர்க்கெனக் கட்டுப்பாடு மிக்க சங்கங்கள் இருந்தன. தேர்வு வேலை ஒன்றைச் செய்துகாட்டி, மூத்தோர் ஒப்புக்கொண்ட பின்னரே ஒருவர் அச்சங்கத்தில் சேர்ந்து தனித்துத் தொழில் செய்யலாம். சேர்ந்தவர் பெயர் ஏட்டில் ஏறிவிடும். ஸ்டர்லிங்கின் வால்ட்டர் ஆலன் என்பார் 18ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற பிடிக் கம்மியர். அவர் தந்தை ஜான் ஆலனும் அத்தொழிலரே. வால்ட்டர் தம் பெயரின் முதலெழுத்துகளையும், தம் ஊரின் முதலெழுத்தையும் கூடையின்மீது பொறித்தார். கிளாஸ்கோவின் ஜான் சிம்ப்சனும் அவ்வாறே செய்தார். அந்த மூன்றெழுத்தின் பயனை இன்று காண்கின்றோம். உலகெங்கும் பழைய வாள் சேகரிப்போர் ஒரு கூடைப்பிடி வாளைக் கையில் எடுத்தவுடன் முதலில் தேடுவது அவ்வெழுத்துகளையே.

அவ்வாள்களுக்கும் கேடுகாலம் வந்தது. 1746ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் கலோடன் களத்தில் மலைநாட்டுப் படை முறியடிக்கப்பட்டது. அதே ஆண்டில் மலைநாட்டார் ஆயுதம் வைத்திருத்தலைத் தடுக்கும் கடுஞ்சட்டம் ஒன்று பிறந்தது. களத்தில் எடுத்த வாள்களுள் ஒரு தொகுதி பிடி கழற்றப்பட்டு, இங்கிலாந்தின் ட்விக்கனம் என்னும் ஊரில் ஒரு மாளிகையின் வேலிக் கம்பிகளாக நடப்பட்டது. ஆயினும் சங்கத்து ஏடுகள் அழியவில்லை. எஞ்சிய பிடிகளில் எழுத்துகளும் அழியவில்லை. ஆகவே செய்தவர் பெயரும் அழியவில்லை. கையாலேயே கூடைப்பிடி செய்யும் கம்மியர் இக்காலத்தும் உளர். வாள் சேகரிப்போர் அவர்தம் பட்டறைக்குச் சென்று, சொல்லி வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்குகின்றனர். வாங்குபவரும் செய்பவரும் நண்பர் ஆகின்றனர்.

தமிழ் மண்ணில் அந்நிய அலகு

சாத்தத்தில் வாழும் தமிழர்க்கு ஸ்காட்லாந்து வாள் எதற்கு என்று ஒருவர் வினவலாம். தொடர்பு உண்டு. மலைநாட்டுப் படைப்பிரிவு ஒன்று 1780ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் வந்திறங்கியது. அதன் அதிகாரிகளுக்கு உரியது கூடைப்பிடி வாளே. அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியின் படையும் திப்புவின் படையும் ஆங்கிலப் படையை வளைத்து முறியடித்தபோது, அம்மலைநாட்டாரில் ஒரு பகுதியினரும் சிக்கினர். டேவிட் பேர்டு என்னும் ஸ்காட்லாந்துக்காரர் காயம்பட்டுச் சிறைப்பட்டு, 1784 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடைபட்டுக் கிடந்தார். அவரே 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் அக்கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை ஏற்று வந்தார். இது போரின் வழி வந்த தொடர்பு.

வாணிகத்தின் வழி வந்த தொடர்பு அதனினும் பழையது. ஐரோப்பியரை நம் முன்னோர் பரங்கியர் என்றனர். பரங்கிப்பேட்டை, பரங்கிமலை என்னும் ஊர்ப்பெயர்கள் அச்சொல்லை இன்றும் தாங்கி நிற்கின்றன. மராட்டியரோ ஐரோப்பிய அலகு பூட்டிய வாளையே ஃபிரங்கி என்றழைத்தனர். நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியரும் பின்னர் டச்சுக்காரரும், தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியரும் பண்டகசாலை வைத்திருந்த காலம் அது. இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அடித்த அலகுகள் கப்பலேறி இந்தியக் கரைகளில் இறங்கின. ஆண்டிரியா ஃபெராரா பெயர் பொறித்த அலகுகள் இந்திய வாள்களிலும் காணப்படுகின்றன.

இங்கேயும் நம்மவர் பங்கு பிடியே. தக்கணத்திலும் தமிழகத்திலும் இருந்த கொல்லர்கள் அந்நிய அலகுக்குத் தம் முறைப்படி பிடி அமைத்தனர். மெல்லிய கம்பிகளுக்கு மாறாக, விரல்களை மறைக்கும் அகன்ற தகட்டை வளைத்து வைத்தனர். உள்ளே மெத்தை போன்று துணி அடைத்துத் தைத்தனர். பிடியின் தலையில் வட்டத் தகடும், அதன் மேல் ஒரு நீண்ட முளையும் வைத்தனர். வேண்டும்போது அம்முளையை மற்றொரு கையால் பற்றி இருகையாலும் வீசலாம். பிற்காலத்து ஆங்கிலேயச் சேகரிப்பாளர் இதனையும் கூடைப்பிடி என்றே குறித்தனர்.

இதனை எண்ணிப் பார்ப்போமாக. அலகோ ஜெர்மானியருடையது. ஒன்று வடகடல் வழியே ஸ்டர்லிங் சென்றது. மற்றொன்று தென்கடல் வழியே தஞ்சைக்கு வந்தது. அங்கொரு கம்மியன், இங்கொரு கொல்லன். இருவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் கையைக் காக்க வேண்டும் என்னும் ஒரே கவலைக்கு இருவரும் தத்தம் வழியில் விடை கண்டனர்.

தஞ்சை ஆயுதசாலையின் முடிவு

தஞ்சையை ஆண்ட நாயக்க மன்னரும், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்க்குப் பின் வந்த மராட்டிய மன்னரும் திரட்டிய படைக்கலங்கள் அரண்மனை ஆயுதசாலையில் மலைபோல் குவிந்திருந்தன. யாளியும் கிளியும் கொடியும் உருக்கில் செதுக்கிய குத்துவாள்கள், யானை அங்குசங்கள், கையுறையோடு இணைந்த பட்டா வாள்கள், ஃபிரங்கிகள் என அவற்றின் வகை பல. 1855ஆம் ஆண்டு இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி மறைந்தார். கும்பினியார் அரசுரிமை இனி இல்லை என்று கூறி அரண்மனைச் சொத்துகளையும் கைப்பற்றினர். 1863இல் ஆயுதசாலை கலைக்கப்பட்டது. சிறந்தவை எனத் தேர்ந்தெடுத்தவை சென்னை அரும்பொருட் காட்சிசாலைக்குச் சென்றன. எஞ்சிய பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டனர்.

சென்னை சிவில் சர்வீசில் பணியாற்றிய வால்ஹவுஸ் என்பார் 1878இல் இந்தியன் ஆன்டிக்குவரி என்னும் ஆராய்ச்சி இதழில் இப்பழைய ஆயுதசாலை பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். அவர் எழுதியிராவிடின் இவ்வளவும் நமக்குத் தெரிந்திராது. தஞ்சைப் படைக்கலங்களுட் சில பின்னர்க் கைமாறி, கடல் கடந்து, நியூயார்க் மெட்ரோபாலிடன் அரும்பொருட் காட்சிசாலை வரை சென்றுள்ளன. ராபர்ட் எல்குட் என்னும் அறிஞர் தஞ்சைப் படைக்கலங்களை விரிவாக ஆராய்ந்து 2004இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். எழும்பூரில் உள்ள சென்னை அரசு அருங்காட்சியகத்திற்குச் செல்லும் அன்பர்கள் அப்படைக்கலங்களுள் சிலவற்றைக் கண்ணாரக் காணலாம்.

காணும்போது நம் உள்ளம் பெருமிதம் கொள்கின்றது. அடுத்த கணமே வருந்துகின்றது. மன்னர் பெயர் தெரிகின்றது. விற்றவர், வாங்கியவர் பெயரும் தெரிகின்றன. யாளியின் கண்ணையும் பல்லையும் உருக்கில் செதுக்கிய அந்தக் கொல்லர் யார்? அவர் ஊர் எது? அவர் மைந்தன் என்ன ஆனான்? ஸ்டர்லிங் கம்மியனுக்குக் கிடைத்த மூன்றெழுத்து நம்மவனுக்குக் கிடைக்கவில்லை. தஞ்சை அரண்மனையின் கணக்கு வழக்குகள் மோடி எழுத்தில் கட்டுக்கட்டாக எஞ்சியுள்ளன. ஆயினும் காட்சிப் பேழையில் உள்ள அவ்வாளின் அருகே அவன் பெயர் இல்லை. அனுப்புநர் பெயரில்லாச் சிப்பம் என்று நாம் கூறியது இதனையே.

உலைக்களம் தேடிச் சென்றவர்

செய்பவனைத் தேடிச் சென்ற பெரியோரும் நம்மிடையே இருந்தனர். அவருள் தலையாயவர் ஆனந்த குமாரசுவாமி. ஈழத்துத் தமிழரான சர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேய அன்னைக்கும் 1877ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தவர். மண்ணியல் பயின்று, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைவராக இருந்தார். கல்லையும் மண்ணையும் ஆராய ஊர் ஊராகச் சென்றவர், அவ்வூர்களில் வாழ்ந்த கம்மியரையும் ஆராயத் தொடங்கினார். பலாங்கொடைப் பக்கத்து மலையூர்களில் இரும்பு உருக்கும் பழைய முறையை அறிந்த கடைசித் தலைமுறையினர் அப்போது உயிரோடிருந்தனர். அவர்கள் தொழில் செய்வதை அருகிருந்து கண்டு, உலையின் அளவு, துருத்தியின் அமைப்பு, மண்மூசையில் இரும்பை இட்டு உருக்காக்கும் பக்குவம் ஆகிய யாவற்றையும் குறித்துக்கொண்டார். 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை என்னும் அவர்தம் ஆங்கிலப் பெருநூலில் அவை இடம்பெற்றன. அறிஞர் வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அந்நூலை அச்சிட்டார் என்பதும் குறிப்பிடத்தக்கது. கைத்தொழிலைப் பற்றிய நூல் கைத்தொழிலாலேயே பிறந்தது!

கொல்லனை மறவாமை தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றில் பொன்முடியார் என்னும் பெண்பாற் புலவர் குடிமக்கள் ஒவ்வொருவர் கடமையையும் வரிசைப்படுத்தும்போது, தாயையும் தந்தையையும் வேந்தனையும் கூறிய இடத்திலேயே கொல்லனையும் வைத்துக் கூறினார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரோ, நெய் பூசி அழகுறக் காத்த படைக்கலங்களைப் பார்த்தபோது, தம் மன்னனுடைய வேல்கள் செப்பனிடப்படுவதற்காகக் கிடக்கும் கொல்லனின் சிறு பட்டறையை நினைத்தார். ஆயுதசாலையில் நின்றுகொண்டு உலைக்களத்தை நினைத்த அந்த நெஞ்சே நமக்கும் வேண்டும்.

சாத்தத்தில் ஓர் உலை

இனி நம் ஊருக்கு வருவோம். சாத்தம் பழமை உடைய தீவு. 1789இல் லெப்டினண்ட் ஆர்ச்சிபால்டு பிளேர் முதன்முதல் குடியேற்றம் அமைத்தது இங்கேதான். 1858இல் கைதிகளோடு வந்த டாக்டர் வாக்கர் முதலில் இறங்கியதும் இங்கேதான். 1883இல் மரம் அறுக்கும் ஆலை தொடங்கியது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேர் நகரோடு நம்மைப் பாலம் இணைக்கின்றது. ஆலையைப் பற்றியும் அதன்மீது ஜப்பானியப் போரின்போது விழுந்த குண்டைப் பற்றியும் எழுதியவர் உளர். மரம் வெட்டியவன் கையிலிருந்த கோடரியையும் வெட்டரிவாளையும் செய்தவன் யார் என்று எழுதியவர் உளரோ?

சில ஆண்டுகளுக்கு முன் இத்தீவில் முதியவரான ஒரு கொல்லரோடு நமக்கு நட்பு ஏற்பட்டது. அவர் தந்தையார் பாண்டி நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர். அரிவாளுக்குப் பெயர்பெற்ற திருப்பாச்சேத்திப் பக்கத்தவர். வீட்டுக்கு ஓர் அரிவாள் வாங்கச் சென்ற நாம், வேலையைக் கண்டு அங்கேயே அமர்ந்துவிட்டோம். பின்னர் விடுமுறை நாள்தோறும் செல்லலாயினோம். பழுதான லாரியின் வில்பட்டையை வாங்கி, துண்டாக்கி, உலையில் காய்ச்சி அலகாக்குவார். துவைச்சலுக்குப் பின் அலகை மெல்லச் சூடேற்றுகையில், அதன்மேல் வைக்கோல் நிறம் படரும் கணத்தை நோக்கி இமையாது நிற்பார். அந்நிறம் தாண்டி நீலமானால் வாய் மழுங்கும் என்பார். பிடிக்கு இத்தீவின் படாக் மரம். எங்கிருந்தோ வந்த உருக்கு, இங்கே வளர்ந்த மரம்! ஸ்டர்லிங்கிலும் தஞ்சையிலும் நிகழ்ந்தது எதுவோ அதுவே நம் கண்ணெதிரே நிகழ்ந்தது.

அவர் செய்தவற்றுள் ஏழு கருவிகள் நம் வீட்டில் உள்ளன. ஒவ்வொன்றின் கழுத்திலும் மூன்று புள்ளிகள் குத்தியிருக்கும். அதன் பொருளை வினவினோம்.

“எங்கப்பா ரெண்டு புள்ளி குத்துவாருங்க. நான் ஒண்ணு கூட்டினேன். வேறொண்ணும் இல்லீங்க, குமாஸ்தா ஐயா” என்றார்.

“பெயரையே பொறிக்கலாமே, ஆசாரியாரே?” என்றோம்.

“வெட்டுனா போதாதுங்களா? பேரு எதுக்கு?” என்று நகைத்தார்.

தம் பெயரை அச்சில் ஏற்றவேண்டா என்றும் கேட்டுக்கொண்டார். அவர் விருப்பத்தை மதித்து ஈண்டு எழுதிலோம். ஆயினும் ஏழு கருவிகளிலும் சீட்டுக் கட்டி, செய்தவர் பெயர், செய்த ஆண்டு, உருக்கின் வகை, மரத்தின் வகை ஆகியவற்றை எழுதி வைத்துள்ளோம். அவர் மைந்தர் வேறு உத்தியோகத்தில் உள்ளார். நான்காம் புள்ளி குத்துவார் எவருமிலர். முதியவருக்கும் கண் மங்கி வருகின்றது. வைக்கோல் நிறத்துக்கும் நீலத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த கண் அது.

வெறும் பொருளைத் திரட்டுவது ஒருவகைச் சேகரிப்பு. செய்தவனோடு நட்புக் கொண்டு, அவன் அறிவையும் சேர்த்துத் திரட்டுவது மற்றொரு வகை. முன்னது ஆயுதசாலையாகும், ஒரு நாள் ஏலத்தில் போகும். பின்னது வரலாறாகும். பொருள் துருப்பிடித்தாலும் அது நிலைக்கும்.

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம் குடியிருப்பில் உள்ள ஒவ்வோர் இல்லத்திலும் தாத்தாவோ பாட்டியோ தாயகத்திலிருந்து கொண்டுவந்த அரிவாள்மணையோ, உளியோ, பாக்குவெட்டியோ, கொடுவாளோ ஒன்றேனும் இருக்கும். அதனை எடுத்துத் துடைத்து, செய்தவர் யார், எந்த ஊர் என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டு எழுதுங்கள். பெரியவர் இருக்கும்போதே கேளுங்கள். நம் தீவில் உலை வைத்திருந்தோர், ரம்பத்துக்குக் கூர் தீட்டியோர், தச்சுப் பட்டறை நடத்தியோர் ஆகியோரையும் அவர்தம் இசைவு பெற்று ஒரு பேரேட்டில் பதிவு செய்வோம். ஸ்டர்லிங் நகரத்துத் தொழிலாளர் சங்கம் ஓர் ஏடு வைத்திருந்தமையால் வால்ட்டர் ஆலன் இன்றும் வாழ்கின்றார். நம் தமிழ்ச் சங்கத்திற்கும் அத்தகைய ஏடு ஒன்று வேண்டும். கோடிட்ட பேரேடு ஒன்றை நாமே வாங்கிச் செயலாளரிடம் சேர்ப்பித்துவிட்டோம். முதல் பக்கத்தில் ஒரு பெயர் ஏறியுள்ளது. அதற்கு எதிரே மூன்று புள்ளிகள் உள்ளன. மற்றப் பக்கங்களை நிரப்புவது அன்பர்களின் பொறுப்பு.